வியாபாரி வேற்று மொழி கற்பது எதற்காக?

நம் வணிகர்களைப் பற்றி வெளியார் மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லும் குறை ஒன்றுண்டு. "அத்தாவுக்கு ஐந்து பாஷை தெரியும், ஐந்திலும் விலை சொல்லத்தான் தெரியும்" என்பதே அது. கேலியாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்ற மொழி கல்வியாகுமா? லாபத்தை நாடி ஒரு சமூகத்தாரின் மொழிக்குள் நுழைந்தவன் அந்தச் சமூகத்தாருக்கு ஏதேனும் கடன்பட்டவனா? சரக்கு வாங்கிப் பணம் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது போல, சொல்லைக் கற்றதோடு இதுவும் தீர்ந்துவிட்டதா? பெரிய படிப்புப் படித்தவன் என்ற முறையில் இதை நான் எழுத வரவில்லை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு நின்று, மிச்சத்தைப் பினாங்கில் கடை முகப்பில் நின்று படித்தவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஆட்சேபத்தை ஒதுக்கிவிட வேண்டும். அறிவுக்காகக் கற்பது உயர்ந்தது, லாபத்திற்காகக் கற்பது தாழ்ந்தது என்று படித்தவர்கள் கோடு கிழிக்கிறார்கள். மார்க்கம் அப்படியொரு கோடு கிழித்ததாக நான் அறியேன். மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹு தஆலா தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுவதை ஸூரத்துர் ரூமில் ஓதுகிறோம். அந்த அத்தாட்சியைக் காண வருகிறவன் பசியோடு வந்தால் என்ன, பொழுது போகாமல் வந்தால் என்ன? மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்த வரலாறும் நமக்குத் தெரிந்ததே. வருகிற கடிதத்தைப் படிக்கவும் போகிற கடிதத்தை எழுதவும் பிறரை நம்பியிருக்க இயலாமற்போனதே அதற்குக் காரணம். அரை மாதத்திற்குள் அவர் கற்றுக்கொண்டதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. அதுவும் காரியத்துக்காகக் கற்ற மொழிதான். ஆனால் அந்தக் காரியத்தின் உயிர்நாடி எது என்று பாருங்கள்: சொல்லியது சொல்லியபடி போய்ச் சேர வேண்டும், இடையில் மோசம் கலக்கக் கூடாது. இந்த ஓர் எண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் கற்கும் மொழிக்கு இலக்கணம் கிடையாது. ஆனால் ஒரு வரிசை உண்டு. முதலில் எண்கள். ஊரிலிருந்து வந்த பையன் ஒரு வாரத்தில் மலாயில் நூறு வரை எண்ணிவிடுவான். அதில் குழப்பமே இல்லை, அவ்வளவு ஒழுங்கான எண்கள். பிறகு 'மூரா', 'மஹால்', 'ஹாபிஸ்', அதாவது மலிவு, விலையதிகம், தீர்ந்துவிட்டது. மூன்றாவதாக வசவுச் சொற்கள். இவற்றை யாரும் கற்றுக் கொடுப்பதில்லை, ஆனாலும் எல்லோரும் கற்றுவிடுகிறார்கள். கடைசியாகத்தான் உறவுச் சொற்கள் வரும்: யாரைப் 'பாச்சே' என்பது, யாரைக் 'காக்கா' என்பது. நம்மூரில் காக்கா என்றால் மூத்த சகோதரன் என்று காயல்பட்டினத்தார் சொல்வார்கள். இங்கே மலாயில் 'காக்கா' அக்காள் ஆகிவிடுகிறாள். புதிதாக வந்தவன் இதில் தடுமாறி நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத கடையில்லை.

நன்றி சொல்லும் சொல்லிலும் அப்படியொரு வேடிக்கை உண்டு. 'தெரிமா காசே' என்று மலாய்க்காரர் சொல்லும்போது தமிழ்க் காதில் காசு என்றுதான் விழுகிறது. காசு வாங்கிக்கொண்டேன் என்று சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் திருப்பிச் சொல்லி வந்தவர்கள் உண்டு. உண்மையில் அங்கே 'காசே' என்பது அன்பு, பெற்றுக்கொள்வது அன்பை. கல்லாப் பெட்டியில் நிற்பவன் ஒரு நாளைக்கு நூறு முறை அன்பு என்று சொல்லிவிட்டு, காசு என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் செய்யும் கேலி முழுவதும் பொய்யில்லை என்பதை இந்த ஒரு சொல்லே காட்டுகிறது.

நமக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. பொருள் தெரியாமலே ஒரு மொழியை மரியாதையோடு வாய்விட்டு ஓதப் பழகியவர்கள் நாம். மதரஸாவில் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆனை ஓதி முடிக்கிற பிள்ளைக்கு அரபி எழுத்துத் தெரியும், அரபி தெரியாது. அதே எழுத்தில் தமிழை எழுதும் அர்வியை நம் முன்னோர் வளர்த்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய 'மகானீ' போன்ற நூல்களை நம் வீட்டு மூதாட்டிகள் அர்வியில் படித்தே மார்க்கம் அறிந்தார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்தோடு புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டது போலவே, மலாய்க்காரரும் தங்கள் 'ச'வுக்கும் 'ங'வுக்கும் புள்ளிகள் கூட்டி ஜாவி எழுத்தைச் செய்துகொண்டார்கள். ஆகவே மலாய் ஒரு சொல்லும் அறியாமல் கப்பலைவிட்டு இறங்கிய அந்தக் காலத்து லெப்பை, ஜாவிப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்திருக்க முடியும். படித்தது என்னவென்றுதான் தெரிந்திராது. இன்று மலாயைப் பெரும்பாலும் ரூமி எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த வசதி நம் புதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

வியாபாரத்துக்காகக் கற்ற மொழி கடையோடு நின்றுவிடும் என்பதற்கு வரலாறும் சாட்சி சொல்லவில்லை. மலாய் மொழியில் வழங்கும் 'கெடாய்' நம் கடை, 'மோடால்' நம் முதல், 'காப்பால்' கப்பல், 'பெத்தி' பெட்டி. கடை, முதல், கப்பல், பெட்டி என்ற இந்நான்கையும் பார்த்தாலே எந்த ஆள் எந்த வேலையாக வந்து சொல்லை விட்டுச் சென்றான் என்பது விளங்கும். நாமும் சும்மா இருக்கவில்லை. 'கெத்தா'வைக் கித்தா என்றும், 'கம்போங்'கைக் கம்பம் என்றும், 'தொங்காங்'கைத் தொங்கான் என்றும் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பட்டியலில் 'மெம்பெலாய்' என்று ஒரு சொல்லும் இருக்கிறதே! அது நம் மாப்பிள்ளை. கப்பலும் பெட்டியும் முதலும் கடையுமாக வந்த ஆசாமி, பிறகு மாப்பிள்ளையாகவும் ஆகிவிட்டான் என்பதற்கு இதைவிட வேறு சாசனம் வேண்டுமா?

அப்படி ஆன குடும்பங்களில் பிறந்தவர்களைத்தான் ஜாவிப் பெரானாக்கான் என்றார்கள். தந்தை வழி தமிழ், தாய் வழி மலாய். 1876-இல் சிங்கப்பூரில் அவர்கள் 'ஜாவிப் பெரானாக்கான்' என்ற பெயரிலேயே ஒரு மலாய் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள்; மலாய் மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகை அதுவே. அடுத்த பத்தாண்டிலேயே, 1887-இல், மகுதூம் சாயபு அவர்கள் அதே சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். ஒரு மொழிக்கு முதற் பத்திரிகை நடத்துவது லாபக் கணக்குப் போட்டுச் செய்கிற காரியமன்று. பாட்டன் விலை கேட்கக் கற்ற மொழியில் பேரன் அச்சுக் கோத்தான்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் அவர்கள் மொழியை லாபத்திற்காகக் கற்றோம் என்றால், அவர்களும் நம் மொழியை அதே காரணத்திற்காகக் கற்றார்கள். மலாக்காவில் 1796-இல் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் குடும்பம் யமனிலிருந்து நாகூர் வந்து, நாகூரிலிருந்து மலாக்கா சேர்ந்த குடும்பம். தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூலை அவர் 1843-இல் முடித்தார். 'ஹிக்காயத் அப்துல்லா' என்பது அதன் பெயர். தகப்பனார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அதில் குறிப்பிடுகிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அப்போது வழக்கமாக இருந்ததாம். கணக்கு எழுதவும், ஊர் நிறைய இருந்த நம் நாட்டு வியாபாரிகளோடு பேசவும் அது தேவைப்பட்டதாம்! தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அரபியும் தமிழும் மலாயும் கற்ற அப்துல்லா, மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் ஹிந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். முன்ஷி என்ற பட்டமும் அந்தச் சிப்பாய்களுக்கு ஓதிக் கொடுத்ததால் வந்ததே. பிறகு வெள்ளைக்காரப் பாதிரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் கற்பித்துச் சம்பளம் பெற்றார். அதுவும் பிழைப்புத்தான். ஆனால் பாதிரி ஒருவர் மலாய்ச் சொற்களை ஆங்கில வழியில் கோத்து எழுதியபோது, இது எங்கள் பேச்சன்று என்று சம்பளம் தருகிறவரிடமே வாதாடினார். தாம் கற்பித்த மொழியில் கலப்படம் செய்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. அங்கேதான் பிழைப்பு என்பது வேறொன்றாக மாறுகிறது.

இனி நம் கடைக்கு வருவோம். இங்கேதான் விஷயம் கடினமாகிறது.

ஒரு துணிக்கடை. சீனத் தாயும் மகளும் வருகிறார்கள். மலாயில் விலை கேட்கிறார்கள். கடைக்காரர் மலாயில் சொல்கிறார். தாய் மகளைப் பார்த்து ஹொக்கியனில், "இந்த நிறத்துக்காக நாலு கடை ஏறியாயிற்று, இன்னும் இருபது வெள்ளி சேர்த்துக் கேட்டாலும் வாங்கிவிடுவோம்" என்கிறாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி மலாயில், "மஹால்" என்கிறாள். கடைக்காரருக்கு ஹொக்கியன் நன்றாகத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இதுதான் கடைசி விலை" என்கிறார். வழக்கமாக அவர் அந்த இடத்தில் பத்து வெள்ளியாவது குறைத்திருப்பார்.

அவர் செய்தது சரியா? பொய் சொல்லவில்லை. அளவில் குறைக்கவில்லை. சரக்கு அவருடையது, விலையும் அவருடையது. இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்களே நம்மில் அதிகம். பல ஊர்களில் இப்படிப்பட்ட கதைகளைச் சாப்பாட்டுக்குப் பின் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மதரஸாவில் படித்த ஒரு பாடம் எனக்கு நினைவுக்கு வருகிறது. சரக்கோடு வரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு சென்று, சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன்பே வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். அங்கேயும் பொய் இல்லை, அளவிலே குறைவில்லை. ஒருவனுக்குத் தெரிந்ததும் மற்றவனுக்குத் தெரியாததும் மட்டுமே இருந்தது. ஊருக்கு வெளியே நடந்து போய் நிற்பதற்கும், தெரியாதவன் போல் கல்லாவில் நிற்பதற்கும் எவ்வளவு தூரம்? தான் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக் கேட்பவனைப் பற்றி நபிமொழியில் உள்ள எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். அந்தத் தாய் அங்கே ஒரு சுவர் இருக்கிறது என்று நம்பித்தான் பேசினாள். சுவர் இல்லை என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

இதைச் சொன்னபோது பக்கத்துக் கடை நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். "நானா, இருபது வருஷம் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கி வாங்கிக் கற்றேன். ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதுவும் என் முதல்தான். வக்கீல் தமக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் வாசலில் எழுதியா மாட்டி வைக்கிறார்? என் முதலை நான் எப்படிப் போட்டால் என்ன?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சந்தை அறிவு வியாபாரியின் சொத்து. கொள்முதல் விலையை வாடிக்கைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் மோதும் இடத்தில் நான் இவ்வளவு வாதாடவும் மாட்டேன். அங்கே அவனும் நம் தமிழைக் கற்று வைத்துக்கொண்டு தெரியாதவன் போல் உட்கார்ந்திருக்கிறான், இருவரும் ஆயுதபாணிகள். ஆனால் கடை ஏறி வந்த குடும்பத்துப் பெண்ணிடம் அப்படியல்ல. தவிரவும், மொழியைத் தனியாக யாரும் முதலாகச் சேர்ப்பதில்லை. அந்த இருபது வருஷமும் அவர்கள்தாம் நண்பரின் முன் பேசினார்கள். அவர் தப்பாகச் சொன்னபோது சிரித்தார்கள், சில சமயம் திருத்தினார்கள். அவருடைய முதலில் பாதிப் பங்கு அவர்களுடையது. பங்குதாரனின் பணத்தைப் போட்டே பங்குதாரனிடம் லாபம் பார்ப்பதை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

என்னைக் கேட்டால் இதற்குச் செலவில்லாத வழியொன்று உண்டு. வாடிக்கைக்காரர் படியேறும்போதே அவர் மொழியில் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். 'சியா பா பே?' சாப்பிட்டாயிற்றா என்ற அந்த ஒரு கேள்வி போதும். கடைக்காரனுக்குக் காது இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் என்ன பேசினாலும் தெரிந்து பேசுகிறார்கள். நீர் விலையைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் உம் இஷ்டம். ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி நஷ்டம் வரலாம். வராமலும் போகலாம்; தன் பாஷை பேசுகிறவனிடம் ஒரு கெஜம் கூட வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த லாபத்தைக் காட்டி இதை உங்களுக்கு விற்க நான் விரும்பவில்லை.

இதற்கு நேர்மாறானதொன்றையும் நாம் தினமும் செய்கிறோம். வாடிக்கைக்காரர் எதிரே நிற்கையில், நாமும் கடைப் பையனும் தமிழில் பேசிக்கொள்கிறோம். "அந்தப் பழைய கட்டை எடுத்துக் காட்டு", "இவருக்கு அந்த விலை சொல்லாதே". சில கடைகளில் ஆளின் நிறத்தையும் பருமனையும்கூடப் பேசுவார்கள். அதை எழுதவும் கூசுகிறது. மாட்டுச் சந்தையிலும் இரத்தின வியாபாரத்திலும் துண்டைப் போர்த்திக்கொண்டு அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதுவும் இரகசியம்தானே என்று கேட்கலாம். அல்ல. அங்கே வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரே துண்டுக்கு அடியில் இருக்கின்றன. வெளியே நிற்பவன் வேடிக்கை பார்ப்பவன் மட்டுமே. நம் கடைத் தமிழிலோ வாங்குகிறவனையே துண்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். தாய்மொழியை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் நாம், தமிழ் வாழ வேண்டும் என்று மேடையிலும் பேசுகிறோம்.

இலங்கையில் காலியில் 1911-இல் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு கொழும்புப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டிட்டு நிறுத்திய கல் அது. அவர் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் வழியிலுமாகக் காணிக்கை கூறப்பட்டிருக்கிறது. ஒரு மொழியைப் படித்தவனுக்கு மற்ற இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அப்படியிருந்தும் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று தொடங்கிப் பட்டும் எண்ணெயுமாக வரும் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறதாம். யாருக்கும் தெரியாது என்ற துணிவில் ஒரு மொழியில் கூட்டியும் ஒரு மொழியில் குறைத்தும் எழுதியிருக்கலாமே! அரசியல் காரியமாக வந்தவர்கள். அவர்கள் படை நடத்திய கதையும் உண்டு. அவர்களை அவ்லியாக்களாக்க நான் வரவில்லை. ஆயினும் அந்தக் கல்லை நம் கடைகளில் சொல்லப்படும் மூன்று மொழி விலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மலாயில் ஒரு விலை, சீனத்தில் ஒரு விலை, ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரனுக்கு இன்னொரு விலை! அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்து 'முதஃப்பிஃபீன்' என்று ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. படிக்கல்லும் கெஜக்கோலும் மட்டும்தான் அளவு என்று நாமாக முடிவு செய்துகொண்டோம்.

இவையெல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது கடைக்கு வெளியே நிற்பவரைப் பற்றியதன்று. கடைக்குள் நிற்பவரைப் பற்றியது. இன்று நம் கடைகளிலும் உணவகங்களிலும் வங்காள தேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர், மியன்மார்க்காரர் வேலை செய்கிறார்கள். நம் ஊரிலிருந்தும் வருகிறார்கள். அவர் கையெழுத்திடும் தாள் அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. சம்பளத்தில் எது எதற்குப் பிடித்தம் என்பது அவருக்குப் புரியாத சொற்களில் சொல்லப்படுகிறது. கொடுக்கல் வாங்கலில் ஈஜாபும் கபூலும் எந்த மொழியிலும் செல்லும் என்று படித்திருக்கிறோம். இரு தரப்புக்கும் பொருள் விளங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படித்தோம். விளங்காமல் தலையாட்டியவனின் தலையாட்டலைக் கபூல் என்று எழுதிக்கொள்ளலாமா? கங்காணிகள் கூட்டி வந்த நம் தமிழர்கள், 1938-இல் இந்திய அரசாங்கம் அந்தக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரையில், இந்த நாட்டுத் தோட்டங்களில் இதே நிலையில்தான் இருந்தார்கள். தனக்கு வேண்டிய கடிதத்தைப் படிக்கப் பிறரை நம்ப வேண்டியிருப்பதன் சங்கடம் எத்தகையது என்பதை மதீனாவின் அந்த வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. அந்தச் சங்கடத்தில் இருப்பவர் இப்போது நம் சரக்கறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

வேலையாள் முதலாளியின் மொழியைக் கற்கட்டும் என்பது எளிதான பதில். அவர் கற்கத்தான் செய்கிறார். ஆறு மாதத்தில் கடைத் தமிழும் கடை மலாயும் பேசுகிறார். நம்மில் எத்தனை பேர் அவர் மொழியில் 'காய்ச்சலா?' என்று கேட்கக் கற்றிருக்கிறோம்? வாங்க வருகிறவனின் பாஷையை இருபது வருஷம் பாடுபட்டுக் கற்கிறோம். நமக்காக உழைக்கிறவனின் பாஷையில் இருபது சொல் கற்பதில்லை. லாபம் வருகிற பக்கம் மட்டும் காது திறந்திருக்கிறது என்றால், பிள்ளைகளின் கேலிக்கு என்ன பதில் சொல்வது?

இப்போது கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறதே, இனி மெனக்கெட்டுக் கற்பானேன் என்றும் கேட்கிறார்கள். அவசரத்துக்கு அது நல்ல சாமான்தான். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப் போன இடத்தில் அது உதவியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மொழியைக் கற்கிறவன் பல நாள் அந்த மொழிக்காரனிடம் சிறுபிள்ளை போல் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் சிரிக்கிறான், இவன் பொறுத்துக்கொள்கிறான். முதலாளி வேலையாளிடம் அப்படி நிற்பது இருவருக்கும் நல்லது. தொலைபேசி அந்தத் தாழ்வை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. நான் அதை லாபமாக எண்ணவில்லை.

பிள்ளைகளைச் சீனப் பள்ளிக்கு அனுப்புவது நம்மவரிடையே பெருகி வருகிறது. நாளைக்கு வியாபாரத்துக்கு உதவும் என்பதுதான் காரணம். குறை சொல்ல மாட்டேன். மலாக்காவில் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பியதும் இதே காரணம்தானே. ஆனால் சீனம் வந்தது, மலாய் வந்தது, ஆங்கிலம் வந்தது, வீட்டில் நன்னியோடு பேசத் தமிழ் இல்லை என்றால், அது முதலை விற்றுவிட்டு லாபக் கணக்கு எழுதுவது போலத்தான். இதைப் பற்றி நம் சங்கத்தில் ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று, விடுகிறேன்.

காலஞ்சென்ற பெரியவர் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மளிகைக் கடை வைத்திருந்தவர். முப்பது வருஷம் பக்கத்துக் கடைச் சீனரோடு ஹொக்கியனிலேயே வியாபாரம் பேசியவர். அரிசி, வெங்காயம், வட்டம், தவணை எதைப் பற்றியும் சரளமாகப் பேசுவார். அந்தச் சீனர் இறந்தபோது துக்கத்துக்குப் போனார். விதவை முன்னால் நின்றதும்தான் தமக்கு ஒரு சொல்லும் தெரியாது என்பது தெரிந்தது. மலாய்க்காரர் வீடாயிருந்தால் 'தக்ஸியா' என்றாவது சொல்லியிருப்பார்; அது நம் அரபிச் சொல்லே. இங்கே விலை சாராத ஒரே ஒரு வாக்கியம்தான் அவரிடம் இருந்தது. "சியா பா பே?" என்று கேட்டார். அந்த அம்மாள், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லி அழுதாராம். பெரியவர் வெளியே போய்க் கஞ்சி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, அந்த மாதமே அவர் மகனிடம் உட்கார்ந்து ஹொக்கியன் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ன கற்றீர்கள் மாமு என்று கேட்டால், "நோவு, சாவு, பேறுகாலம், கல்யாணம். இதுக்கெல்லாம் எனக்குச் சொல் இல்லாம இருந்துச்சு, தம்பி" என்பார்.

நம் சங்கத்தின் மேல்மாடி அறை இஷாவுக்குப் பின் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் ஓர் இரவு அதைத் திறந்து, நம் கடைகளில் வேலை செய்யும் வங்காள தேசத்துத் தம்பிகளில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, முதலாளிகள் பத்துப் பேர் அவரிடம் பாடம் கேட்கலாம் என்பது என் யோசனை. பாடத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். அன்று வேலையைச் சீக்கிரம் முடித்து அனுப்பவும் வேண்டும். எண்களிலிருந்து தொடங்குவதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். வங்காளியில் ஒன்று முதல் நூறு வரை மலாய் போல ஒழுங்காக வராது. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிப் பெயர் போலிருக்கும், மனப்பாடம் செய்தே தீர வேண்டும். சம்பளத் தேதிக்கு முன் நூறைத் தாண்டிவிட்டால், அடுத்த சம்பளத்தை அவர் மொழியிலேயே எண்ணிக் கொடுக்கலாம். சம்மதமுள்ளவர்கள் பெயரைக் காரியதரிசியிடம் கொடுக்கவும்.